வீட்டுக் கடன் எந்தக் கதவில் கேட்பது? மட்டக்களப்பு வங்கிகளின் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

திருமலை வீதியில் வங்கிக்கு வங்கி கண்ணாடிக் கதவில் வீட்டுக் கடன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. சிரிக்கிற குடும்பம், ஓட்டு வீடு, பெரிய எழுத்தில் ஒரு வட்டி வீதம், அதன் கீழே கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய நிபந்தனைகள். அந்தப் பெரிய எழுத்தை ஒப்பிட்டுத்தான் அநேகர் வங்கியைத் தெரிவுசெய்கிறார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறோம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கடன் பைல் திரும்பி வந்தால் முதலில் பார்க்கவேண்டியது உறுதி, அதாவது காணிப் பத்திரம். சம்பளத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். கையில் இருக்கிற உறுதி எந்த வகை என்று தெரிந்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

"உறுதி யார்ர பேர்ல, தம்பி?" கடன் மேசையில் இந்தக் கேள்வி வந்தே தீரும். "பொஞ்சாதிர பேர்ல, சேர்." வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்று மற்ற ஊர்களில் இரண்டாகச் சொல்வார்கள், இங்கே அது ஒரே வேலை. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் மகளுக்குத்தான் போகும். ஆகவே சம்பளப் பட்டியல் கணவன் பெயரில், உறுதி மனைவி பெயரில். இதற்கு வழி உண்டு: இருவரும் கூட்டுக் கடனாளிகளாகக் கையெழுத்திட்டு, ஈட்டு முறியை (வீட்டைக் கடனுக்கு ஈடு வைக்கும் பத்திரம்) மனைவி எழுதிக் கொடுப்பது. இழுபடுவது பெயரில்தான். உறுதியில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, அடையாள அட்டையில் கணவன் பெயர், விவாகச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் 'மூவரும் ஒருவரே' என்று சத்தியக் கடதாசி கேட்பார்கள். விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே அதை வைத்துவிட்டால் இரண்டு வாரம் மிச்சம்.

சீதனமாக எழுதிய நன்கொடை உறுதியில் இன்னொரு முடிச்சு இருக்கும். பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை அதை ஏலத்தில் விற்று வாங்குபவரிடம் ஒப்படைக்க வங்கியால் முடியாது. அதனால் சீவிய உரித்தைக் கைவிடும் உறுதி ஒன்றை நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் ஈடு எழுதுவார்கள். இதை வயதானவருக்கு வீட்டில் வைத்து விளக்குங்கள். வங்கியில் திடீரென்று கையெழுத்துக் கேட்டால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது: கைவிட்டது கடன் முடிந்தாலும் தானாகத் திரும்பி வராது. மேலும், நன்றிகெட்ட செயலுக்காக நன்கொடையை நீதிமன்றம் மூலம் மீட்க 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் 10 ஆண்டு ஆகாத நன்கொடை உறுதியைக் கண்டாலே சில வங்கிகள் முகம் சுளிக்கும். நன்கொடை கொடுத்தவரையும் கையெழுத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

அடுத்தது அரச காணி. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் குடியேற்றத் திட்டங்களிலும் பலரிடம் இருப்பது அனுமதிப்பத்திரம் (பேர்மிட்) அல்லது அளிப்பு (கிரான்ட்). இரண்டையும் 'உறுதி' என்றே பேச்சில் சொல்வார்கள். வங்கிக்கு இரண்டும் ஒன்றல்ல. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்பை ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடம் மட்டும். இந்த வேலையில் அரச வங்கிக் கிளைகள்தான் பழக்கப்பட்டவை. தனியார் வங்கியில் அளிப்பை நீட்டினால் பெரும்பாலும் மரியாதையாகத் திருப்பித் தருவார்கள். அனுமதிப்பத்திரம் மட்டும் இருந்தால் பெரிய கடனுக்கு அது போதாது. அளிப்பில் அடிக்கடி சிக்குவது பின்னுரித்து: காணி பெற்ற அப்பா இறந்து பல வருடம், பின்னுரித்தாளர் பெயர் இன்னும் பதியப்படவில்லை, மகன் வீடு கட்டக் கடன் கேட்டு நிற்கிறார். இதற்கு வங்கியில் மருந்தில்லை, பிரதேச செயலகக் காணிக் கிளையில்தான் இருக்கிறது. கடனுக்கு அலைய முன் அதை முடியுங்கள். 2024 இல் தொடங்கிய 'உறுமய' திட்டத்தில் முழு உரித்து உறுதி கிடைத்தவர்களுக்கு இந்தச் சம்மதத் தொல்லை குறைவு. ஆனாலும் அந்த உறுதி பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சகோதரர்கள் பிரிக்காமல் ஆளும் காணியில் 'பிரிபடாத நாலில் ஒரு பங்கு' என்று உறுதி இருந்தால் எந்தக் கதவும் திறக்காது. எல்லாரும் சேர்ந்து பிரிவிடல் உறுதி எழுதி, புதிய நில அளவைப் படத்தில் உங்கள் துண்டு தனி இலக்கத்தோடு வரவேண்டும். ஒருவர் கனடாவில் இருந்தால், அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வேண்டும். 'என் காணியைப் பார்த்துக்கொள்ள' என்று எழுதிய அற்றோணித் தத்துவம் இதற்கு உதவாது. பிரிக்கவும் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுப்பதாக வார்த்தை வார்த்தையாக எழுதியிருக்கவேண்டும்.

காணிப் பதிவகத் தேடலை வங்கியின் சட்டத்தரணி செய்வார், 30 வருடத்துக்குப் பின்னோக்கி. காசு கொடுப்பது நீங்கள்தான். அதற்கு முன் நீங்களே ஒருமுறை போலியோவை, அதாவது பதிவேட்டில் உங்கள் காணிக்குரிய பக்கத்தை, பார்ப்பது நல்லது. கல்முனைப் பக்கத்துக் காணிக்குக் கல்முனைப் பதிவகம், மட்டக்களப்புக் காணிக்கு மட்டக்களப்புப் பதிவகம். பார்க்கவேண்டியது மூன்று: பழைய ஈடு ஏதாவது நீக்கப்படாமல் இருக்கிறதா, நீதிமன்ற வழக்குப் பதிவு உண்டா, ஒவ்வொரு உறுதியும் முந்தைய உறுதியின் போலியோவிலேயே தொடர்ந்து பதியப்பட்டிருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இடையில் ஒரு நொத்தாரிசு பழைய போலியோவைக் காட்டாமல் புதிதாகப் பதிந்திருந்தால் சங்கிலி அறுந்தது போலத்தான். திருத்திய பிறகே பைல் நகரும். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், பெறுமதி கொடுத்து நேர்மையாக வாங்கி முதலில் பதிந்தவர்தான் சட்டத்தில் முந்துவார். இந்தத் தேடல் வெறும் சடங்கல்ல.

உறுதி சரியென்றால் அடுத்து மதிப்பீட்டாளர். அவர் இரண்டு தொகை எழுதுவார்: சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி (அவசரமாக விற்றால் கிடைக்கும் தொகை). வங்கியின் கண் இரண்டாவதில். கல்லடியிலோ காத்தான்குடியிலோ பேர்ச் இன்ன விலைக்குப் போகிறது என்று தரகர் சொல்லும் கணக்கோடு அதை ஒப்பிட்டு ஏமாறவேண்டாம். மதிப்பைக் குறைப்பவை வழக்கமாக இவைதான்: படத்தில் பாதை இல்லாமை, ஒழுங்கை அகலம் போதாமை, மாரியில் வெள்ளம் தங்கும் தாழ்வு, உறுதியில் 20 பேர்ச் இருக்கப் படத்தில் 18.5 பேர்ச் வருவது. இரண்டில் குறைந்த அளவைத்தான் வங்கி எடுக்கும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வரும் வளவுக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நாவலடி, கல்லடிப் பக்கம் காணி வாங்குபவர்கள் விலை பேச முன்னரே இதைக் கேட்டறியவேண்டும். உள்ளூராட்சி மன்றத்தில் எடுக்கவேண்டியவை வீதிக் கோட்டுச் சான்றிதழ், உரிமைச் சான்றிதழ், சுவீகரிக்கப்படாமைச் சான்றிதழ், அங்கீகரித்த கட்டட வரைபடம். சோலை வரி நிலுவை இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

காணி வாங்குவதற்கான கடன் என்றால் உறுதியில் எழுதும் விலையில் ஒரு பொறி இருக்கிறது. மாற்றல் உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 30 இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 + 1,16,000 = 1,19,000 ரூபா. இதை மிச்சம் பிடிக்க 'உறுதியில 15 எழுதுவம்' என்று விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வார்கள். பிறகு வங்கி அந்த 15 ஐ வைத்தே கடனைக் கணக்கிடும். அறுபதினாயிரம் ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்து இலட்சம் ரூபாக் கடன் கைவிட்டுப் போகும். மாகாண வருமானத் திணைக்களம் பெறுமதியை மீள மதிப்பிட்டுக் கேட்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

இனி நிறுவனங்கள். வீட்டுக் கடனுக்கென்றே பிறந்ததில் மூத்தது அரச ஈட்டு முதலீட்டு வங்கி. 1931 இல் தொடங்கிய இலங்கை அரச ஈட்டு வங்கியையும் 1943 இன் விவசாய, கைத்தொழில் கடன் கூட்டுத்தாபனத்தையும் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணைத்து 1979 இல் இயங்கத் தொடங்கியது. இதுவும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் போன்ற சிறப்பு வங்கிகளின் பலம், சின்னத் தொகைக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) நிலுவைக்கும் கடன் தருவது. வங்கிச் சம்பளச் சீட்டு இல்லாத கடைச் சிப்பந்திக்கு, தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு, இதுதான் முதற்கதவு. ஈ.பி.எஃப். இல் 10 ஆண்டு பங்களிப்பும் 3 இலட்சத்துக்கு மேல் நிலுவையும் உள்ளவர் கடனே எடுக்காமல் 30 வீதத்தை, உச்சமாக 20 இலட்சம் வரை, வீட்டுக்காக மீளப் பெறவும் முடியும். கூரை மட்டும் மிச்சமிருக்கிற வீட்டுக்கு முதலில் இதைப் பாருங்கள்.

அரச வணிக வங்கிகளின் கிளைகள் எழுத்து வேலையில் மெதுவானவை. ஆனால் எங்கள் ஊர்க் காணியின் குறுக்கு நெடுக்குத் தெரிந்தவை. ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர் என்று நிரந்தரச் சம்பளம் உள்ளவர்களுக்கு அங்கே பிணையாளிகளோடு முடிந்துவிடும். தனியார் வங்கிகள் வேகமானவை. சுத்தமான உறுதி, நகரத்துக் காணி, வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் ஒழுங்காக வரும் பணம் என்றிருந்தால் அங்கே போகலாம். உறுதியில் ஒரு முடிச்சு இருந்தால் அந்த வேகம் உங்களுக்குக் கிடைக்காது. வட்டி எடுக்காதவர்களுக்குக் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை இஸ்லாமிய வங்கி முறையில் வழி உண்டு. குறைந்துசெல்லும் முஷாரகாவில் வங்கியும் நீங்களும் வீட்டுக்குப் பங்காளிகள். வங்கியின் பங்குக்கு வாடகை கட்டிக்கொண்டே அந்தப் பங்கை வாங்கி முடிக்கிறீர்கள். கவனிக்கவேண்டியது வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும் என்பதை. பெயர் மாறினாலும் மாதத் தொகை ஏறி இறங்கும் விதம் ஒன்றுதான்.

நிதிக் கம்பனிகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை: 'பிளற்' வட்டி, அதாவது நிலுவை குறைந்தாலும் முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி. 10 இலட்சம், 12 வீதம், 5 வருடம் என்று இரண்டு இடத்தில் ஒரே எண்ணைச் சொல்வார்கள். குறைந்துசெல்லும் நிலுவையில் தவணை 22,244 ரூபா. பிளற் முறையில் 26,667 ரூபா. இரண்டாவதன் உண்மை வட்டி சுமார் 20 வீதம். வீதத்தைக் கேட்காதீர்கள், மாதத் தவணையையும் மொத்த மாதங்களையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வங்கியில் 50 இலட்சம் ரூபாவை 12 வீதத்துக்கு 20 வருடத்தில் கட்டினால் தவணை சுமார் 55,054 ரூபா. முதல் மாதம் அதில் 50,000 வட்டி, கடனில் கழிவது 5,054. ஐந்து வருடம் தவறாமல் 33 இலட்சம் ரூபா கட்டிய பிறகும் நிலுவை 45 இலட்சத்து 87 ஆயிரம். இதைப் பார்த்து 'வங்கி ஏமாற்றிவிட்டது' என்று சண்டைக்குப் போகவேண்டாம், கணக்கே அப்படித்தான். அதே கடனை 15 வருடத்துக்கு எடுத்தால் தவணை 60,008. மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவான வித்தியாசம், முடிவில் மிச்சம் சுமார் 24 இலட்சம். முடிந்தவர்கள் 15 ஐத்தான் எடுக்கவேண்டும். இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த 12 வீதம் 20 வருடமும் நிற்காது. முதல் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை நிலையான வட்டி, பிறகு சந்தை வீதத்தோடு ஒரு கூட்டல் என்பதே இங்கே வழக்கம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்களின் தவணை மளமளவென்று ஏறியது. மேலே சொன்ன 50 இலட்சத்துக்கு 25 வீதம் என்றால் தவணை சுமார் 1,04,900 ரூபா.

அமெரிக்காவில் 30 வருடம் அசையாத வட்டிக்கு வீட்டுக் கடன் கிடைக்கிறதே என்று ரொறன்ரோ மாமாவும் நியூஜேர்சி மச்சானும் கேட்பார்கள். அதற்குப் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் லூயிஸ் ரனியேரி. 1968 இல் நியூயோர்க்கின் சலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் கடிதங்கள் பிரிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர், பத்து வருடத்தில் அதே நிறுவனத்தின் வீட்டு ஈட்டுக் கடன் வர்த்தக மேசைக்கு வந்தார். ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒரு கட்டாகக் கட்டி, அவற்றில் வரும் தவணைப் பணத்தைப் பங்கு பங்காக முதலீட்டாளர்களுக்கு விற்பதைப் பெரும் வியாபாரமாக்கியவர்களில் முதன்மையானவர். 1983 இல் அமெரிக்க அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக் கடன் நிறுவனமான ஃபிரெடி மாக் வெளியிட்ட கடன் முறிகளில் அந்தத் தவணைகளை முதலில் வருவது, பிறகு வருவது என்று அடுக்குகளாகப் பிரித்தார்கள். நீண்டகாலப் பணம் வைத்திருக்கும் ஓய்வூதிய நிதிகள் அதை வாங்க, கடன் கொடுத்த வங்கி காசை உடனே திரும்பப் பெற்று அடுத்தவருக்குக் கொடுத்தது. அதே பொறிமுறை தரங்கெட்ட கடன்களை விழுங்கி 2008 இல் வெடித்தது. ரனியேரி தலைவராக இருந்த ஹூஸ்டன் நகர பிராங்க்ளின் வங்கியும் அந்த நவம்பரில் மூடப்பட்டது.

மட்டக்களப்புக் கிளையில் உங்கள் கடன் விற்கப்படுவதில்லை, இருபது வருடமும் அவர்களின் பெட்டகத்திலேயே இருக்கும். அதற்குப் பணம் வருவது 3 மாதம், 6 மாதம், 1 வருட நிலையான வைப்புகளிலிருந்து. வைப்பு வட்டி ஏறினால் உங்கள் தவணையும் ஏறத்தான் வேண்டும். மனேஜரிடம் கெஞ்சி இதை மாற்ற முடியாது. கேட்டுப் பெறக்கூடியவை வேறு: கூட்டல் எத்தனை வீதம், மீளாய்வு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, வட்டி ஏறினால் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்ட முடியுமா, இடையில் மொத்தமாக ஒரு தொகை கட்டினால் தண்டம் எவ்வளவு. நான்கையும் சலுகைக் கடிதத்தில் (கடன் நிபந்தனைகளோடு வங்கி தரும் கடிதம்) எழுத்தில் பாருங்கள்.

கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கை, அதாவது உங்கள் கடன் வரலாறு, பற்றி ஒரு வார்த்தை. மச்சானின் முச்சக்கர வண்டி லீசிங்குக்கு வைத்த பிணைக் கையெழுத்தும் அதில் தெரியும். மனைவி குழுவில் எடுத்த நுண்கடனையும் மறைக்கவேண்டாம், கூட்டுக் கடனாளி என்றால் அவருடையதும் பார்க்கப்படும்.

கட்டுவதற்கான கடன் ஒரே தடவையில் கைக்கு வராது. அத்திவாரம், லின்டல் மட்டம், கூரை, பூச்சு என்று பெரும்பாலும் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு மதிப்பீட்டாளர் வந்து பார்த்துத்தான் காசு விடுவார்கள், அவருடைய போக்குவரத்தும் உங்கள் தலையில். ஆகவே முதற்கட்டத்துக்குச் சொந்தக் காசு கையில் இருக்கவேண்டும். இங்கே மேசன்மார் நன்றாக அறிந்த ஒன்று, கொழும்பு அனுமதிக் கடிதத்துக்குத் தெரியாது: ஐப்பசியில் கடன் அனுமதி வந்தால் அத்திவாரம் வெட்ட முடியாது. வாவியோர வளவில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும், வெட்டிய குழியின் மணற்சுவர் இரவோடு இரவாகச் சரியும். மாரி முடிந்து தை, மாசியில் தொடங்கினால் கூரை வரை காய்ந்த காலம் கிடைக்கும். முதற்காசை எத்தனை மாதத்துக்குள் எடுக்கவேண்டும் என்று சலுகைக் கடிதத்தில் ஒரு கெடு இருக்கும். மாரி அதைத் தின்றுவிடாமல் விண்ணப்பத்தை ஆடி, ஆவணியில் கொடுத்து அனுமதியை மார்கழிக்கு வரும்படி வைத்தால் சரியாக இருக்கும். ஒரு கட்டத்துக் காசை வேறு செலவுக்கு எடுத்தால் அடுத்த கட்டம் நிற்கும். லின்டலோடு நின்று செடி முளைத்த வீடுகளில் பலதுக்கு இதுதான் கதை.

காப்புறுதி இரண்டு. ஒன்று உயிருக்கு: கடனாளி இறந்தால் மிச்சக் கடனைக் கட்டும், வருடாவருடம் குறைந்துசெல்லும். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள், முடிந்தால் கையால் கட்டுங்கள். சம்பளம் இருவருடையதும் என்றால் இருவரையும் மூடவேண்டும். ஒருவரை மட்டும் மூடிவிட்டு மற்றவர் இறந்தபோது திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. மற்றது கட்டடத்துக்கு. தீ மட்டும் போட்ட காப்புறுதி 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட கரையில் எதற்கு? புயல், வெள்ளம், ஆழிப்பேரலை மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தவணை தவறினால் வங்கி நீதிமன்றம் போகாமலேயே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் சொத்தை ஏலம் போட 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. 2011 திருத்தத்தின்படி, வட்டி சேராத கடன் தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வழி கிடையாது. 49 இலட்சத்தோடு நிற்பதா, 52 எடுப்பதா என்று யோசிப்பவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். இரண்டு தவணை தவறும் முன்னரே கிளைக்குப் போய் மறுசீரமைப்பு கேட்பவருக்குக் கதவு திறக்கும். தொலைபேசியை அணைத்து வைப்பவருக்குத் திறக்காது.

கடைசித் தவணை கட்டியதும் வங்கி உறுதியைத் தரும், மனேஜர் கைகுலுக்குவார், பலர் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஈட்டு முறி இன்னும் போலியோவில் அப்படியே இருக்கும். வங்கி கையெழுத்திட்ட ஈட்டு நீக்கலை நொத்தாரிசு மூலம் எழுதி, பதிவகத்தில் பதிந்து, பதிந்த பிரதியை உறுதியோடு வைத்துத் தைக்கவேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து வருடம் கழித்து மகளுக்குச் சீதனம் எழுத நொத்தாரிசு போலியோவைப் புரட்டும்போது, கட்டி முடித்த கடன் அங்கே உயிரோடு இருக்கும். அப்போது அந்தக் கிளையில் பழைய பைலைத் தேடி எடுக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அங்கே வேலை செய்பவர்களாலும் சொல்ல முடியாது.